துருவுக்கும் ஒரு காரணம் வேண்டும்

ராணுவ வாகன மாதிரிகளின் உலகத்தை இரண்டு அளவுகள் ஆள்கின்றன. ஒன்று 1:35, மற்றது 1:16. எண்களாகப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. மேசைமேல் வைத்தால் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி களமிறக்கிய டைகர்-1 டாங்கியின் நீளம், பீரங்கிக் குழலையும் சேர்த்து 8.45 மீட்டர். 1:35 அளவில் அது 24 சென்டிமீட்டர். புத்தக அலமாரியின் ஓரத்தில் அடங்கிவிடும். 1:16 அளவில் 53 சென்டிமீட்டர். நீளம் 2.2 மடங்குதான் கூடுகிறது. ஆனால் வண்ணம் பூச வேண்டிய பரப்பு ஏறக்குறைய 4.8 மடங்காகிறது, வண்டி அடைத்துக்கொள்ளும் இடமோ 10 மடங்கைத் தாண்டுகிறது. சின்ன மாதிரியில் கண்ணுக்குத் தப்பும் ஒவ்வொரு குறையும் பெரிய மாதிரியில் அகப்பட்டுக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கலையில் பெரிய அளவு என்பது வேறொரு வகுப்பு.

1:35 என்ற அளவு எந்த அளவுகோலிலிருந்தும் பிறந்ததல்ல. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-இல் மரத்தொழில் நிறுவனமாகத் தொடங்கிய தாமியா, 1951-இல் தீ விபத்தில் மரக்கிடங்கைப் பறிகொடுத்தபின் மாதிரிகள் செய்வதில் முழுமூச்சாக இறங்கியது. 1960-களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட பேந்தர் டாங்கி, மோட்டாரில் ஓடும் வண்டி. மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க எவ்வளவு அகலம் தேவையோ, அதற்கேற்ப வண்டியை வடிவமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது வந்த விகிதம் 1:35. வண்டி நன்றாக விற்றது; அடுத்தடுத்த வண்டிகளும் அதே அளவில் வந்தன; மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1:16-க்கு அடி, அங்குலக் கணக்கு இருக்கிறது: ஓர் அடிக்கு முக்கால் அங்குலம். தாமியாவின் 1:16 டைகர் ரிமோட்டில் ஓடும், இன்ஜின் ஒலி எழுப்பும். சீனாவின் டிரம்பட்டர் போன்ற நிறுவனங்கள் அதே அளவில் ஓடாமல் நிற்கும், பாகங்களை ஒட்டிக் கட்டும் கிட்களையும் கொண்டுவந்த பிறகு, இந்த அளவு ரிமோட் வண்டிப் பிரியர்களைத் தாண்டிப் பரவியது.

எந்த மாதம், எந்த மண்

நல்ல மாதிரி, கிட் பெட்டியைத் திறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. எந்த வண்டி, எந்தத் தொழிற்சாலையிலிருந்து எந்த மாதம் வெளிவந்தது, எந்த ஊர் மண்ணில் ஓடியது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் விடை வேண்டும். டைகர்-1 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. காசெல் நகரில் ஹென்ஷல் நிறுவனம் 1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை இரண்டே ஆண்டுகள் இதைத் தயாரித்தது. மொத்தம் 1,350-க்குச் சற்றுக் குறைவான வண்டிகள். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வண்டி ஓயாமல் மாறிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் தளபதி தலைநீட்டும் மேற்கூண்டு உயரமான உருளை வடிவில் இருந்தது. 1943 நடுவில் அது தாழ்வான வார்ப்புக் கூண்டாக மாறியது. பின்புறம் இருந்த ஃபைஃபல் காற்று வடிகட்டிகள் பிறகு காணாமல் போயின. ரப்பர் விளிம்புச் சக்கரங்கள் 1944 தொடக்கத்தில் எஃகு விளிம்புச் சக்கரங்களுக்கு இடம் விட்டன.

காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாமலிருக்க வண்டியின்மேல் அப்பிய சிம்மரிட் என்ற பசை 1943 ஆகஸ்ட் வாக்கில்தான் தொழிற்சாலைக்கு வந்தது. ஆகவே, 1943 மே மாதத்தில் போர் முடிந்துவிட்ட துனிசியாவில் நிற்கும் டைகருக்குச் சிம்மரிட் பூசினால், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது பொய். இந்தத் துறையின் போட்டிகளில் இத்தகைய கால முரண்களைத் தேடும் நடுவர்களும் உண்டு.

உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட ஒற்றை டாங்கி என்று டைகர் 131-ஐச் சொல்லலாம். ஜெர்மனியின் 504-ஆம் கனரக டாங்கிப் படைப்பிரிவைச் சேர்ந்த இந்த வண்டியை, 1943 ஏப்ரலில் துனிசியக் குன்றுகளில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது. குண்டு ஒன்று பீரங்கிக் குழலின் அடியில் பட்டுச் சிதறி, டரெட் எனப்படும் சுழலும் மேற்பகுதியைத் திரும்ப முடியாமல் இறுக்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வண்டியை விட்டு ஓடினார்கள். ஜூன் மாதம் துனிஸ் வந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரும் சர்ச்சிலும் அதை நேரில் பார்த்தார்கள். இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் அதுதான் ஓடும் நிலையிலுள்ள ஒரே அசல் டைகர்-1. 2014-இல் வெளிவந்த 'ஃப்யூரி' படத்தில் வருவதும் இதுவே. குண்டு உரசிய தழும்புகள் இன்றும் அதன் உடலில் இருக்கின்றன. மாதிரி செய்பவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. அப்படியிருந்தும் அதன் அசல் நிறம் எது என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஆப்பிரிக்கக் களத்துக்கென 1941-இல் ஒரு ஜோடி நிறங்களும், 1942-இல் வேறொரு ஜோடி நிறங்களும் ஆணையிடப்பட்டிருந்தன. இந்த வண்டிக்கு எது பூசப்பட்டது என்பதே வாதம்.

சென்னையை அடுத்த ஆவடியில் தயாரான வண்டிகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அஜேயா என்று இந்தியா பெயரிட்ட டி-72, பீஷ்மா என்று பெயரிட்ட டி-90 இரண்டுக்குமே ரஷ்ய மூல வண்டியின் கிட்கள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றை இந்திய வண்டியாக்க, வெளியே தொங்கும் கருவிகளையும் வண்ணத்தையும் புகைப்படம் பார்த்து மாற்ற வேண்டும். தில்லி குடியரசு தின அணிவகுப்பில் செல்லும் வண்டியா, ராஜஸ்தான் மணலில் பயிற்சியில் இருக்கும் வண்டியா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முதலாவதற்கு அழுக்கே கூடாது. இரண்டாவது தூசியில் மூழ்கியிருக்கும்.

ஒட்டுவது, உருகுவது

கிட்டின் பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சில் அழுத்திச் செலுத்தி வார்க்கிறார்கள். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். பாகத்தை அச்சிலிருந்து தள்ளிய ஊசிகள் வட்டத் தடம் பதிக்கும். கோட்டைக் கத்தியால் சுரண்டி, தடத்தைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்வதில்தான் கட்டும் நேரத்தின் பெரும்பகுதி போகிறது. ஒட்டப் பயன்படும் திரவம் சாதாரணப் பசை போன்றதல்ல. அது பிளாஸ்டிக்கையே கரைக்கும் கரைப்பான். இரு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும். திரவம் இடுக்கு நெடுகத் தானே ஓடி, இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் அது ஒட்டிய இடம் அல்ல, ஒரே பொருள்.

1:16 அளவில் கட்டுபவரின் திறமையைக் காட்டிக்கொடுப்பது தகடுகளின் முகம். டைகரின் முன்தகடு 100 மில்லிமீட்டர் தடிமன். மாதிரியில் அது 6.25 மில்லிமீட்டர். வெட்டிய விளிம்பு வெளியே தெரியும் இடமெல்லாம் அந்தத் தடிமன் தெரிய வேண்டும், எரிவாயுச் சுவாலையால் வெட்டிய கரடும் தெரிய வேண்டும். உருட்டிய எஃகுத் தகட்டில் மிக மெல்லிய மேடுபள்ளம் இருக்கும். வார்ப்பு எஃகில் சொரசொரப்பு கூடுதல். ப்ரைமர் எனப்படும் அடிப்பூச்சைக் கெட்டியாக எடுத்துக் குட்டையான தூரிகையால் குத்திக் குத்தி வைத்து, அரைகுறையாகக் காய்ந்ததும் லேசாகத் தேய்த்தால் இரண்டையும் வரவழைக்கலாம்.

தகடுகள் சேரும் வெல்டிங் தழும்பைச் செய்வது இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் கட்டம். இரண்டு கலவைகளைப் பிசைந்து செய்யும் எபாக்சி பட்டியை, ஈரமான கண்ணாடிமேல் உருட்டி நூலாக்குகிறார்கள். அந்த நூலைச் சாமணத்தால் எடுத்து இடுக்கில் படுக்கவைத்து, வட்ட முனைக் கருவியால் ஒவ்வொரு பிறையாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். வெல்டர் கையை எந்தத் திசையில் நகர்த்தினாரோ, அந்தத் திசையில் பிறைகள் வளைந்திருக்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் அவர் கம்பி மாற்றியிருப்பார். அங்கே தழும்பு சற்றே தடித்து மீண்டும் தொடங்கும். அந்தச் சிறு தடிப்பைச் செய்தவரின் வண்டியில் ஒரு மனிதக் கை தெரியும். கிட்டில் அச்சாகவே வரும் ஒரே சீரான கோட்டில் அது வராது.

கருவிகளை மாட்டும் கொக்கிகள், இன்ஜின் வலைகள், மண்காப்புத் தகடுகள் ஆகியவற்றுக்குப் பிளாஸ்டிக் தடிமன் அதிகம். அமிலத்தால் அரித்துச் செய்த மெல்லிய பித்தளைத் தகடுகளை அங்கே வைக்கிறார்கள். வளைக்கும் முன் சுவாலையில் ஒரு முறை காட்டினால் பித்தளை இளகும். பிறகு நிஜ மண்காப்புத் தகடு மரத்தில் மோதி நெளிந்ததுபோல் நெளிக்கலாம். பித்தளையைப் பித்தளையோடு சேர்க்கச் சால்டரிங்தான் உறுதி. பிளாஸ்டிக்கோடு சேர்க்க உடனடிப் பசை.

சங்கிலிப்பட்டை தனி அத்தியாயம். டைகரின் ஒரு பக்கத்தில் 96 கண்ணிகள்; போர்க்களப் பட்டையின் அகலம் 725 மில்லிமீட்டர். 1:16 அளவில் அது 45 மில்லிமீட்டர். நிஜப் பட்டை தன் பாரத்தால் தொய்ந்து சக்கரங்களின் தலைமேல் படிந்து கிடக்கும். பிளாஸ்டிக் பட்டைக்கு அந்தப் பாரம் கிடையாது, விறைத்து நிற்கும். ஆகவே கண்ணி கண்ணியாக உலோகத்தில் வார்த்த பட்டைகளைத் தனியாக வாங்கிக் கோக்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு கணக்கு சுவையானது. டைகரின் எடை 57 டன். எல்லாப் பரிமாணங்களையும் 16-ஆல் குறைத்தால், எடை 4,096-இல் ஒரு பங்காகி, 14 கிலோ வருகிறது. பிளாஸ்டிக் மாதிரி அந்த எடையின் அருகில்கூட வராது. அதனால் ஸ்பிரிங் வேலை செய்யும் மாதிரிகள் வெறும் வண்டிபோல மேலே எழும்பி நிற்கும். அடிப்பகுதியில் எடை சேர்த்தோ, சக்கரக் கைகளைத் தாழ்ந்த நிலையில் பூட்டியோதான் 57 டன் உட்கார்ந்திருப்பதைக் காட்ட முடியும்.

கட்டும்போதே வண்ணத்தை யோசிக்க வேண்டியதும் இங்கேதான். டைகரின் சக்கரங்கள் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று நுழைந்து பல அடுக்காக நிற்பவை. ரப்பர் விளிம்பு வண்டியில் பக்கத்துக்கு 24. எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் உள்ளடுக்குக்குத் தூரிகை போகாது. ரஷ்யக் குளிரில் அந்த இடைவெளிகளில் சேறு உறைந்து வண்டியே அசையாமல் நின்றதுண்டு. உள்ளடுக்குச் சக்கரங்களுக்குச் சேறும் வண்ணமும் வைத்த பிறகே வெளியடுக்கு மாட்ட வேண்டும்.

எது எதைக் கரைக்கும்

பிளாஸ்டிக், பித்தளை, எபாக்சி என்று பல நிறத்தில் நிற்கும் வண்டியை ப்ரைமர் ஒரே நிறமாக்குகிறது. உலோகத்தில் வண்ணம் பிடிக்க அது அவசியம். மறைந்திருந்த இடுக்குகளையும் கீறல்களையும் அது வெளிக்காட்டும். நிஜ டைகரின் வண்ணத்துக்கு அடியிலிருந்த ரெட் ஆக்சைடு நிறத்தையே ப்ரைமராகப் பூசுபவர்கள் உண்டு.

அடுத்து அடிப்படை வண்ணம். ஆப்பிரிக்கக் களம் தவிர மற்ற இடங்களில், 1943 பிப்ரவரி வரை ஜெர்மன் வண்டிகளின் நிறம் அடர் சாம்பல். அதன்பின் அடர் மஞ்சள் அடிப்படையாகி, அதன்மேல் ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பட்டைகளாகப் பூசப்பட்டன. பச்சையையும் பழுப்பையும் கெட்டிப் பசையாகப் படைகளுக்கு அனுப்பினார்கள். களத்தில் கிடைத்த எரிபொருளையோ தண்ணீரையோ கலந்து தெளித்தார்கள். ஒரே படையின் இரண்டு வண்டிகள் ஒன்றுபோல் இராததற்கு இது ஒரு காரணம். நிற எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரே சரியான நிறம் இதுதான் என்று சண்டையிடுவதில் பொருளில்லை.

வண்ணத்தை ஏர்பிரஷ்ஷில் தெளிக்கிறார்கள். 0.3 மில்லிமீட்டர் துளை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பால் பதத்துக்கு நீர்த்த வண்ணம் என்பது பலருக்கும் ஒத்துவரும் தொடக்கம். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் வண்ணம் வெளுத்துப் பனிபடர்ந்ததுபோல் ஆகிவிடும். மெதுவாகக் காயும் தின்னர் கலப்பதோ, வெயில் வரும்வரை காத்திருப்பதோதான் வழி. லாக்கர் புகை நுரையீரலுக்குக் கெடுதல். வடிகட்டியுள்ள முகமூடியும் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

பெரிய மாதிரியில் ஒரே நிறத்தைத் தட்டையாகப் பூசினால் பொம்மையாகத்தான் தெரியும். மேல்தகடுகளுக்குச் சற்று வெளுத்த நிறம், கீழே போகப்போக அடர்ந்த நிறம் என்று ஒளியையே வண்ணத்தில் எழுதும் முறையை, ஸ்பெயினின் மிக் ஹிமெனெஸ், அமெரிக்கரான ஆடம் வைல்டர் போன்றவர்கள் 2000-களில் பரப்பினார்கள். 1:35-இல் இது எடுபடும். 1:16-இல் அளவோடு செய்வதே நல்லது. அவ்வளவு பெரிய பரப்பில் அறையின் விளக்கே நிழலை உண்டாக்கிவிடும்.

அடுத்தடுத்த பூச்சுகள் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க ஒரு வரிசை உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் காரமான தின்னரில் கரையும் லாக்கர். அதன்மேல் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ நீர்க்கும் அக்ரிலிக். கடைசியில் டர்பன்டைன் வகை மென்மையான கரைப்பானில் நீர்க்கும் எனாமலும் ஆயில் வண்ணமும். மேலே பூசியது பிடிக்கவில்லையென்றால், அந்தக் கரைப்பானைத் தொட்டுத் துடைத்துவிடலாம். அடியில் உள்ள அடுக்கு அசையாது. அடுத்து வரும் வெதரிங் முழுவதும் இந்த வேதியியலின் தயவில்தான் நடக்கிறது.

வெதரிங்: ஆதாரமுள்ள அழுக்கு

வெயில், மழை, தூசி, சேறு, காலடி, எரிபொருள் எல்லாம் வண்டியின்மேல் விட்டுச்செல்லும் தடங்களை வண்ணத்தால் உண்டாக்குவதே வெதரிங். 1970-களில் அமெரிக்காவின் ஷெப் பெயின், அடுத்து பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் ஆகியோர் காட்டிய வழி எளிமையானது: இடுக்குகளில் கறுப்பு நீர், விளிம்புகளில் உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறம். பின்னாளில் ஸ்பானியர்களின் கையில் அது பல அடுக்குகளாக விரிந்தது. அமெரிக்கரான மைக் ரினால்டி ஆயில் வண்ணத்தைக் கொண்டு ஒவ்வொரு தகட்டையும் தனித்தனி ஓவியமாக நடத்தும் முறையைத் தம் புத்தகங்களில் விளக்கினார்.

இத்தனை முறைகள் வந்தபின் ஒரு கேடும் வந்தது. எல்லா வண்டியிலும் எல்லா விளிம்பிலும் வண்ணம் உரிந்திருப்பதும், எல்லாத் தகட்டிலும் துரு வழிவதும் பழக்கமாகிப் போயின. உண்மையில் டைகர்கள் பல சில மாதங்களிலேயே அழிந்தன. தடித்த கவசத் தகட்டில் ஆழமாகத் துரு ஏற அவற்றுக்கு ஆயுள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணமும் ஓர் அளவும் இருந்தாக வேண்டும். காரணத்தைக் களம் சொல்லும்; அளவைக் கணக்கு சொல்லும். தூரிகை நுனி வைக்கும் ஒரு மில்லிமீட்டர் உரிவு, 1:16-இல் 16 மில்லிமீட்டர். பூட்ஸ் ஆணி உரசினால் வரக்கூடியதுதான். அதே புள்ளி 1:35-இல் 35 மில்லிமீட்டராகும், அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிட அகலம். விளிம்பெங்கும் அப்படி வைத்தால், வண்டியை யாரோ சுத்தியலால் அடித்ததுபோல் இருக்கும்.

வண்ணம் உரிவதைக் காட்ட இன்று பெரிதும் நம்பப்படுவது ஹேர் ஸ்பிரே. அடர்பழுப்பு அல்லது ரெட் ஆக்சைடு அடுக்கு நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் இரண்டு முறை ஹேர் ஸ்பிரே அடிக்கிறார்கள். அதன்மேல் அக்ரிலிக் மஞ்சள். அது தொடும்படி காய்ந்ததும், தளபதியின் மூடியைச் சுற்றி மட்டும் தண்ணீர் தொட்டு நனைத்து அரை நிமிடம் விடுகிறார்கள். தண்ணீர் மஞ்சளுக்குள் ஊறி அடியிலிருக்கும் ஹேர் ஸ்பிரேயை இளக்குகிறது. கட்டைத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென விளிம்பில் ஒரு பொருக்கு பெயர்ந்து, அடியிலிருந்த பழுப்பு எட்டிப்பார்க்கும். அந்தப் பெயர்ச்சியின் ஓரம் ஒழுங்கற்றது. கையால் வரைந்து அந்த வடிவம் வராது. எங்கே தேய்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது: மூடிகளைச் சுற்றி, ஏறி இறங்கும் வழியில், கருவிப்பெட்டி உரசும் இடத்தில். கால் படாத பக்கத் தகட்டின் நடுவில் தேய்க்கக் காரணமில்லை. பனிக்களத்து வண்டிக்குத் தற்காலிகமாகப் பூசிய வெள்ளையைத் தேய்ந்ததுபோல் காட்டவும் இதே வழிதான். அங்கே தாராளமாகத் தேய்க்கலாம், ஏனென்றால் அந்த வெள்ளை நிஜத்திலும் எளிதில் போய்விடும்.

உரிவுக்குப் பிறகு மெல்லிய பளபளப்பு வார்னிஷ். அதன்மேல் ஆணித்தலை, மூடி விளிம்பு, வெல்டிங் தழும்பு ஆகியவற்றின் ஓரத்தில் மட்டும் அடர்பழுப்பு எனாமல் நீர். பளபளப்பான பரப்பில் அது இடுக்கு வழியே தானாக ஓடும். சிந்தியதை டர்பன்டைன் தொட்ட தூரிகையால் எடுத்துவிடலாம். மழை வழிந்த கோடுகளுக்கு ஆயில் வண்ணம்: ஒரு புள்ளி வைத்து, ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. செங்குத்துத் தகட்டில் கோடு நேராக இறங்கும். சாய்ந்து நிற்கும் வண்டியில் கோடும் தரைக்கு நேராகவே இறங்க வேண்டும்.

இன்ஜின் சூட்டில் வண்ணம் எரிந்துபோகும் சைலன்சர் குழாய்களுக்கு மட்டும் ஆரஞ்சுத் துரு பொருந்தும். சங்கிலிப்பட்டை வார்ப்பு எஃகு. ஓடாமல் நின்றால் பழுப்பாகும், ஓடினால் தரை தொடும் மேடுகள் தேய்ந்து வெள்ளியாக மின்னும். சக்கரம் உருளும் உள்பக்கமும் அப்படியே. அந்த மினுக்கத்துக்குப் பென்சில் கிராஃபைட்டைப் பொடியாக்கி விரலால் தேய்ப்பதே போதும். பெட்ரோல் ஊற்றும் வாயைச் சுற்றி அடர்ந்த, சற்றே மினுங்கும் கறை. அதன் நடுவே புதிய கறை, வெளியே தூசி பிடித்துக் காய்ந்த பழைய கறை என்று இரண்டு வயது தெரிந்தால் நம்பும்படி இருக்கும்.

தூசியும் சேறும் கடைசி. 1943 ஏப்ரலின் வட துனிசியா பாலைவனம் அல்ல; மழைக்காலம் முடிந்து பசுமை படர்ந்த குன்றுகள், உழுத வயல்கள். டைகர் 131-ஐ மணல் மேட்டில் நிறுத்துவது பழக்கத்தால் வரும் தவறு. அதன் அடிப்பாகத்தில் காய்ந்த சேறும், அதற்குமேல் வெளிறிய தூசியும் இருப்பதே பொருத்தம். நிறமிப் பொடியோடு ஜிப்சம் கலந்து சேறு குழைக்கிறார்கள். பெரிய மாதிரியானாலும் மணல் துகளைச் சலித்தே சேர்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் துகள் 1:16-இல் 8 மில்லிமீட்டர் சரளைக் கல். சேறு கீழிருந்து மேலே குறைந்துகொண்டே போகும். சக்கரத்தின் குடத்தில் காய்ந்து வெளுத்தும், பட்டைக்கு அருகில் ஈரமாக அடர்ந்தும் இருக்கும். தூசி, கிடைத்தளத்தின் மூலைகளில் சேரும். நடுவில் காலடி அதைத் துடைத்துவிடும். பொடியை நிலைநிறுத்த அதற்கான திரவத்தைச் சொட்டு வைத்தால் போதும். மேலே வார்னிஷ் தெளித்தால் தூசி நிறம் மாறி மறைந்துவிடும்.

முடிந்த வண்டியைப் பலகையில் நிறுத்தும்போது, மண் இன்னும் ஈரமாக இருக்கையிலேயே அழுத்த வேண்டும். பட்டையின் கண்ணிகள் மண்ணில் பதிந்து, பக்கங்களில் மண் பிதுங்கி எழ வேண்டும்; பின்னால் அது வந்த தடம் அதே அகலத்தில், அதே கண்ணி இடைவெளியில் தெரிய வேண்டும். 1:16 வண்டியைப் பசையை மட்டும் நம்பி நிறுத்துவதில்லை. கட்டும்போதே அடித்தட்டில் திருகுமரை பதித்து, பலகையின் கீழிருந்து போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். நேர் வெயில் படாத இடத்தில், தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருக்க வேண்டும். வீட்டுத் தூசி 1:16 அளவுக்குப் பெரியது.